எட்டின் தலை

பட்டறையின் கீழ்த்தட்டில் ஒரே ஒரு வளையம் மிச்சம் கிடந்தது. மிச்சம் கிடந்ததில் ஒன்றும் தப்பில்லை. அதன் கழுத்தில் இருந்த எண்தான் தப்பு.

பெருக்கிக்கொண்டிருந்த அண்ணி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். லாரிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கணவர் லேத்தில் நிற்பார். கணவரின் தம்பி துளை போடுவான், எழுத்து அடிப்பான். அண்ணி எல்லாவற்றையும் அளந்து பார்த்து, அடித்ததைப் படித்துப் பார்த்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு வண்டியில் ஏற்றி விடுவாள். கொழுந்தனுக்கு நாற்பது வயதாகிறது, ‘அவசரம்’ என்ற பட்டப்பெயர் இன்னும் அவனை விட்டபாடில்லை. அவன் பதிலுக்கு அண்ணிக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. அவசரம் அடித்ததைச் சந்தேகம் படித்துப் பார்ப்பதால்தான் பட்டறை ஓடுகிறது என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்கு அன்று காலை வேட்டு விழுந்தது.

அவர்கள் செய்வது பிளாஞ்ச். கழுத்துப் போல நீளும் பக்கத்தைக் குழாயின் முனையில் பற்றவைத்து, எதிர்க் குழாயின் பிளாஞ்சோடு போல்ட் போட்டு இறுக்குகிற எஃகு வளையம். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா ஒரு துளை போட்ட இரும்பு. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் விளிம்பில் முழு விலாசமும் இருக்கும்: என்ன அளவு, என்ன அழுத்த வகுப்பு, எந்தத் தரநிலைப்படி செய்தது, என்ன எஃகு, கடைசியில் யார் செய்தது. அழுத்த வகுப்பு முந்நூறு என்றால் முந்நூறு அழுத்தம்தான் தாங்கும் என்று நினைக்கிற புத்திசாலிகளும் உண்டு. கதவிலக்கம் முந்நூறு என்றால் வீட்டுக்குள் முந்நூறு பேர் இருப்பார்கள் என்று நினைப்பவர்களை என்ன செய்ய முடியும்?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஹீட் நம்பர். உலையில் ஒரு தடவை உருக்கிய எஃகுக்கு ஓர் எண். அடுத்த தடவைக்கு அடுத்த எண். கடையாத வளையங்களைச் சூட்டில் அடித்து அனுப்புகிற உலைக்கூடம், வளையத்தின் கழுத்தில் அந்த எண்ணை மட்டும் குத்தி அனுப்பும். மற்றதையெல்லாம் விளிம்பில் அடிப்பது அவசரத்தின் வேலை.

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரே அளவில் இரண்டு ஆர்டர் வந்தது. ஒன்று திரவ வாயு நிலையத்துக்கு, நாற்பது பிளாஞ்ச். கடுங்குளிரிலும் உடையாத எஃகில் செய்ய வேண்டும். அதன் ஹீட் நம்பர் 868. மற்றது தண்ணீர்க் குழாய்க்கு, சாதா எஃகு. அதன் நம்பர் 898. இரண்டும் ஒரே உலைக்கூடத்திலிருந்து, ஒரே லாரியில், நல்ல மழையில் நனைந்து வந்து இறங்கின. வகை தெரிவதற்காகப் பூசியிருந்த நிறக்கோடு கழுவிப் போயிருந்தது. குளிர் எஃகில் சரியாக நாற்பது. சாதாவில் மட்டும் எப்போதும் போல ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தார்கள். ஆகவே மிச்சம் கிடப்பது 898 ஆகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணி அதன் கழுத்தில் சாக்பீஸைத் தேய்த்து, விரலால் வழித்தாள். பள்ளத்தில் வெள்ளை நின்றது. 898. சரிதான். எழுந்திருக்கப் போனவள், என்னவோ உறுத்தவே, அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தாள். 868.

மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். 898.

“தம்பி! இங்க வா.”

அவசரம் கையில் டீ டம்ளரோடு வந்தான். “என்ன அண்ணி, தேள் இருக்கா?”

“இது என்ன நம்பர்? படி.”

“எட்டு, ஒம்பது, எட்டு. சாதா.”

“இந்தப் பக்கம் வந்து படி.”

அவன் வந்தான். படித்தான். சிரித்தான். “வளையத்துக்கு ஏது தலை, ஏது காலு? எந்தப் பக்கம் நின்னு பாத்தா என்ன, அந்தப் பக்க நம்பர்தான்.”

“அப்படியா? உன் பஞ்ச் பெட்டிய எடுத்துட்டு வா.”

எண் அடிக்கிற பஞ்ச் பெட்டியில் எத்தனை துண்டு இருக்கும் என்று வெளியாட்களைக் கேட்டால் பத்து என்பார்கள். ஒன்பதுதான் இருக்கும். ஒன்பதுக்கென்று தனியாகப் பஞ்ச் கிடையாது. ஆறைத் திருப்பி அடித்தால் ஒன்பது. அந்தச் சிக்கனத்தைக் கண்டுபிடித்தவன் யாரோ, நன்றாக இருக்கட்டும். அண்ணி பெட்டியிலிருந்து எட்டை எடுத்து ஒரு தகரத்துண்டில் அடித்துக் காட்டினாள்.

“நல்லா பாரு. எட்டுக்கு மேல் சுழி சின்னது, கீழ் சுழி பெருசு. ஆறுக்கும் ஒம்பதுக்கும் தல இல்ல. எட்டுக்கு இருக்கு. இப்ப வளையத்தைப் பாரு.”

அவசரம் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தான். எட்டின் சின்னத் தலை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தை மேலாக வைத்துப் படித்தால் 868. குளிர் எஃகு. டீ ஆறிக்கொண்டிருந்தது, அவன் குடிக்கவில்லை.

“அப்ப நாப்பதுல ஒண்ணு…”

“சாதா. குளிர் எஃகுன்னு நீ அடிச்சு, சரின்னு நான் கையெழுத்துப் போட்டு, போயாச்சு.”

கணவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கெட்ட செய்தி வந்தால் முதலில் அதைத் தள்ளிப் போடத்தான் பார்ப்பார்.

“தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணியிருப்பாங்கல்ல? தாங்கியிருக்குமே.”

“தண்ணியில தாங்கும்ங்க. சாதா எஃகும் நல்ல எஃகுதான். குளிர்லதான் அது கண்ணாடி. அந்த லைன்ல வாயு விட்டா அன்னைக்குத்தான் அதுக்கு முதல் குளிர். அங்க பண்ற எந்த டெஸ்ட்டும் இத முன்னாடியே காட்டாது.”

“நாமளே போய்ச் சொன்னா அப்ரூவல் போயிடும். அத வாங்க எத்தன வருஷம் நாயா அலைஞ்சோம்.”

“போகட்டும்.”

“போகட்டும்னா? நீ ஒருத்தியா முடிவு பண்ணிட்டா ஆச்சா?”

“நாளைக்குக் காலையில வாயு விடறாங்க. நான் கெளம்பறேன். நீங்க வேணும்னா அதுக்குள்ள கோபப்பட்டு முடிச்சிருங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு லேத்துக்குப் போனார். அண்ணி நிலையத்தின் தர ஆய்வாளருக்கு போன் போட்டு, சுற்றி வளைக்காமல் நாலே வாக்கியத்தில் சொன்னாள். ஒரு கம்பி பிரஷ், பெயிண்ட் சுரண்டி, ஒரு பெட்டி சாக்பீஸ், அப்புறம் கொழுந்தன். இவ்வளவுதான் வண்டியில் ஏறியது.

நிலையத்தில் ஆய்வாளர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதுவும் பாதிதான் சொல்வார். அவருக்கு நேர்மாறு சைட் மேனேஜர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு அவர்தான் பேசினார்.

“ஏம்மா, லைன் முடிஞ்சு, பெயிண்ட் அடிச்சு, பாதிக்கு மேல குளிர் காப்பு உறையும் போட்டாச்சு. இப்ப வந்து எட்டு திரும்பியிருக்கு, ஆறு கவுந்திருக்குன்னு சொன்னா?”

“உறை போடாதத முதல்ல பாக்கறேன் சார். ஒரு எடத்துல கிடைச்சாலும் எல்லாத்தையும் பாப்பேன்.”

“கிடைச்சப்புறம் எதுக்குப் பாக்கணும்?”

“மிச்சத்துல நம்பர் தப்பா இருந்துச்சு, அதனால ஒண்ணு மாறினது தெரிஞ்சுது. இங்கிருந்து ஒண்ணும் அங்கிருந்து ஒண்ணும் எதிரெதிரா மாறியிருந்தா மிச்சத்துல நம்பர் சரியாவே இருந்திருக்கும். தெரிஞ்சிருக்காது.”

பூதக்கண்ணாடிக்காரர் தலையை ஒரு தடவை அசைத்தார். “பாக்கட்டும்,” என்றார். அன்றைய கணக்கில் அது நீண்ட பேச்சு.

சாரத்தில் ஏறினார்கள். அவசரம் பெயிண்டைச் சுரண்டுவான், அண்ணி சாக்பீஸ் தேய்த்துப் படிப்பாள், ஆய்வாளர் பூதக்கண்ணாடி வழியே பார்த்துத் தலையசைப்பார். சில பிளாஞ்ச் குழாயின் அடியில் தலைகீழாக எண்ணை வைத்திருந்தன. மல்லாந்து படுத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. சுரண்டிய பெயிண்ட் கண்ணில் விழுந்தது. உலைக்கூடத்தில் குத்தியவன் மேசையின் எந்தப் பக்கம் நின்றானோ அந்தப் பக்கமாகக் குத்தியிருந்தான். நேராக, கோணலாக, கவிழ்ந்து. அண்ணி எண்ணைப் படிப்பதையே விட்டுவிட்டாள். எட்டின் தலையை மட்டும் தேடினாள். தலை கிடைத்தால் நடுவில் இருப்பது ஆறா ஒன்பதா என்பது தானாகத் தெரிந்தது.

“எட்டு ஆறு எட்டு,” என்பாள். அடுத்தது. “எட்டு ஆறு எட்டு.” அடுத்தது.

கீழே வேலையாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். “பாட்டு க்ளாஸ் நடக்குதுடா,” என்று ஒருவன் சொன்னது அவசரத்தின் காதில் விழுந்து முகம் கறுத்தது. சாதாரணமாக அவன் இதற்கு ஒன்று சொல்லாமல் விடமாட்டான். அன்று சுரண்டியை இன்னும் அழுத்திப் பிடித்தான், அவ்வளவுதான்.

பாதியில் அவன் மெல்லக் கேட்டான். “அண்ணி, ஒருவேளை கிடைக்கலைன்னா?”

“கிடைக்கும்.”

“இல்ல, நாம தப்பா நெனச்சு, மிச்சம் கிடந்தது…”

“தம்பி, நீ அடிச்சதுல உனக்குச் சந்தேகம் வந்திருக்கு. இத்தன வருஷத்துல இப்பத்தான் வந்திருக்கு. நல்லதுதான். ஆனா இப்ப சுரண்டு.”

உறை போடாத பகுதி முடிந்தது. எல்லாமே 868. அண்ணிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, இன்னும் பயமாக இருந்தது. மீதி எல்லாம் உறைக்குள். தடிமனான வெள்ளைக் காப்பு, அதன் மேல் தகரம், தகரத்தின் மேல் ஆணி.

சைட் மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “இத்தோட போதும். உறையப் பிரிக்க முடியாது. பிரிச்சா மறுபடி போட ஒரு வாரம் ஆகும். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். பாத்ததெல்லாம் சரியா இருக்கு, மீதியும் சரியாத்தான் இருக்கும்னு எழுதிக்கலாம்.”

“சரியா இருக்காது சார். பாத்ததெல்லாம் சரியா இருக்குன்னா, தப்பானது மீதியிலதான் இருக்கு.”

“நீங்க சொன்னா நான் பிரிக்கணுமா? நீங்க யாரு? சப்ளை பண்ணீங்க, சர்டிபிகேட் குடுத்தீங்க, முடிஞ்சுது. அந்தக் காகிதம் இருக்கற வரைக்கும் எனக்கு லைன் ரெடி.”

கோபம் தலைக்கேறினால் அண்ணிக்குக் குரல் தணிந்துவிடும். வீட்டில் எல்லோரும் அந்தக் குரலுக்குத்தான் பயப்படுவார்கள்.

“அந்தக் காகிதம் யார் கையில இருக்கு?”

ஆய்வாளர் தன் பையைக் காட்டினார்.

அவசரம் அவள் கையைப் பிடிக்காத குறையாக நெருங்கி வந்தான். “அண்ணி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…”

நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. போன் போட்டாள். எதிர்முனையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“சர்டிபிகேட்ட வாபஸ் வாங்கப் போறேன். நாப்பதுக்கும். வாங்கினா நம்ம பேரு லிஸ்ட்டுலேருந்து போயிடும். உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னு தோணுச்சு.”

அவர் கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“அதுல இருக்கற கையெழுத்து யாரோடது?” என்றார்.

“என்னோடது.”

“அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கற? குறுக்க கோட்டப் போட்டுட்டு வா.”

வைத்துவிட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இவ்வளவு நேரம் வராத அழுகை. மூக்கை உறிஞ்சி அதை உள்ளே தள்ளினாள். ஆய்வாளரிடமிருந்து சர்டிபிகேட்டை வாங்கி, ஒரு குழாயின் மேல் வைத்து, தன் கையெழுத்தின் குறுக்கே பேனாவை இழுத்தாள். இரண்டாவது கோட்டில் காகிதம் கிழிந்தே போனது.

“இப்ப இந்த நாப்பதும் வெறும் இரும்பு சார். எது என்ன எஃகுன்னு சொல்ல ஆளில்ல. லைன்ல வாயு விடுவீங்களா?”

சைட் மேனேஜர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கிழிந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். “விட முடியாது,” என்றார். “பிரிங்க.”

அப்புறம் நடந்ததை மேனேஜரின் வாயிலிருந்து வந்தபடி எழுத முடியாது. ஆனால் ஆட்கள் வந்தார்கள். தகரம் கழன்றது. வெள்ளைக் காப்பு மூட்டை மூட்டையாகத் தரையில் விழுந்தது. பாட்டு க்ளாஸ் என்று கிண்டல் செய்தவனே அண்ணிக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவசரம் இப்போது சுரண்டவும் செய்தான், அண்ணி தேய்ப்பதற்கு முன்னாலேயே குனிந்து எட்டின் தலையைத் தேடவும் செய்தான். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தான். அவனை அவசரம் என்று யாரும் கூப்பிட்டிருக்க முடியாது.

குழாய் ஒரு படிக்கட்டுக்கு மேலே வளைந்து போகிற இடத்தில் அவன் சட்டென்று நின்றான். கட்டுப்பாட்டு அறைக்குப் போகிற எல்லோரும் ஏறி இறங்குகிற படிக்கட்டு அது.

“அண்ணி.”

அவள் வந்தாள். விளிம்பில் அவன் கையால் அடித்த எழுத்துகள் வரிசையாக, அழகாக இருந்தன. அளவு, வகுப்பு, தரநிலை, குளிர் எஃகின் பெயர், கடைசியில் பட்டறையின் முத்திரை, வட்டத்துக்குள் ஒரு முக்கோணம். கழுத்தில் சாக்பீஸ் வெள்ளையில் மூன்று எண்கள். சின்னத் தலை மேலே. நடுவில் இருந்தது ஒன்பது.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஆய்வாளர் பார்த்தார். மேனேஜர் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, “எட்டு ஆறு எட்டு தானே? சரியாத்தானே இருக்கு?” என்றார். அண்ணி விலகி வழி விட்டாள். அவரே சுற்றி வந்து, எட்டைப் பார்த்து, தன் காலுக்குக் கீழே இருந்த படிக்கட்டைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாரை இறுக்கினார்.

அண்ணி அதோடு இறங்கவில்லை. மீதியையும் பார்த்தாள். எல்லாம் 868. கடைசி எண்ணைப் படித்து முடித்த பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

வெல்டர்கள் அந்தப் பிளாஞ்சை வெட்டி இறக்கினார்கள். ஆய்வாளர் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “அடிச்சது யாரு?”

“பட்டறைன்னு எழுதுங்க,” என்றாள் அண்ணி.

“நான்,” என்றான் அவசரம். “நான்தான் அடிச்சேன். கவுந்ததப் படிச்சுட்டு அடிச்சேன்.”

“படிச்சுப் பாத்து விட்டது நான். அதையும் எழுதுங்க.”

இரண்டையும் எழுதினார். “விசாரணை முடியற வரைக்கும் உங்க பட்டறையில வாங்க மாட்டோம்,” என்றார். பிறகு, அவராகவே ஒன்று சேர்த்துச் சொன்னார்: “மீதி முப்பத்தொம்பதையும் நீங்க படிச்சபடி நான் ஏத்துக்கறேன்.” அவர் பார்வை தரையில் கிடந்த அந்தப் பிளாஞ்சுக்குப் போனது. “இதை இப்படியே வெளிய விட முடியாது. இந்த முத்திரையோட எங்கயாவது போய்ச் சேந்துடும். அழிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க.”

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் அடித்திருப்பான் அந்த முக்கோணத்தை. அடித்ததை அழித்ததில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“உளி வாங்கிட்டு வா,” என்றாள்.

அவன் வாங்கி வந்தான். பிளாஞ்சை இரண்டு காலுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முதலில் குளிர் எஃகின் பெயர் போனது, ஒவ்வோர் எழுத்தாக. பிறகு உளியை முக்கோணத்தின் மேல் வைத்தான். கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கவில்லை. அடித்தான். இரும்பின் சத்தம் சாரமெங்கும் கேட்டது. வேலையாட்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றார்கள். சாய்த்து ஓர் அடி, எதிரே சாய்த்து ஓர் அடி, குறுக்கே நாலைந்து அடி.

நிறுத்தி, தூசியை ஊதிவிட்டு, நிமிர்ந்து பார்த்தான்.

“போயிடுச்சா அண்ணி?”

அவள் குனிந்தாள். இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள்.

“இன்னும் தெரியுது,” என்றாள். “அடி.”